தமிழ்ப் பள்ளி மிட்டாய்க் கிண்ணத்தில் ஸ்டார்பர்ஸ்டா, ஹை-சூவா?

அமெரிக்காவில் தமிழ்ப் பள்ளி நடத்தும் ஆசிரியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும்,

வணக்கம்.

வார இறுதியில் எல்லோரும் ஓய்வெடுக்கும் நேரத்தில் நீங்கள் வாடகை வகுப்பறையைத் திறந்து, கரும்பலகையைத் துடைத்து, ழகரத்தையும் லகரத்தையும் பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். சம்பளம் கிடையாது. போகவர ஆகும் பெட்ரோல்கூட உங்கள் செலவு. அப்படிப்பட்ட உங்களிடம் மிட்டாயைப் பற்றி ஒரு மடல் எழுதுவது சரியா என்று யோசித்தேன். சரிதான் என்று பட்டதால் எழுதுகிறேன்.

பிழையில்லாமல் வாசித்த பிள்ளைக்கு ஒரு மிட்டாய், ஆத்திசூடி ஒப்பித்த பிள்ளைக்கு ஒரு மிட்டாய் என்பது பல பள்ளிகளில் வழக்கம். ஆசிரியர் மேசையில் இருக்கும் கிண்ணத்தில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கிறது. ஒன்று ஸ்டார்பர்ஸ்ட், இன்னொன்று ஹை-சூ. எது வாங்குவது என்று பெற்றோர் குழுக்களில் பேச்சு வருகிறது. ஸ்டார்பர்ஸ்டில் செயற்கைச் சாயம் இருக்கிறது, ஹை-சூ ஜப்பான் சரக்கு, அதில் அந்தச் சாயமெல்லாம் கிடையாது, அதனால் நம் பிள்ளைகளுக்கு அதுதான் நல்லது என்று சொல்கிறார்கள். அப்புறம் அந்தப் பேச்சு ஒரு படி தாண்டி, ஹை-சூ சைவம் என்று போய் நின்றுவிடுகிறது.

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவன். மிட்டாய் எப்படிக் காய்ச்சுகிறார்கள், எதற்கு எதைச் சேர்க்கிறார்கள் என்பது எனக்குப் பழக்கமான விஷயம். இந்த இரண்டுமே எனக்குப் பிடிக்கும். ஆனால் அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் வழக்கமான ஸ்டார்பர்ஸ்டிலும், விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கிறது, ஹை-சூவிலும் ஜெலட்டின் இருக்கிறது. அதனால் இரண்டையும் வகுப்பின் பொதுக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல்.

முதலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஏன் இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறோம், எங்கே அவை பிரிகின்றன என்பது தெரிந்தால்தான் மற்றது புரியும்.

ஸ்டார்பர்ஸ்டின் பிறப்பிடம் இங்கிலாந்து. மார்ஸ் நிறுவனம் 1960இல் ஓப்பல் ஃப்ரூட்ஸ் என்ற பெயரில் அங்கே கொண்டுவந்தது. ஸ்ட்ராபெர்ரி, ஆரஞ்சு, எலுமிச்சை, லைம் என்று நான்கு சுவைகள். 1967இல் அமெரிக்காவுக்கு வந்தது, அங்கேதான் ஸ்டார்பர்ஸ்ட் என்ற பெயரைப் பெற்றது. 1998இல் இங்கிலாந்திலும் பழைய பெயரை எடுத்துவிட்டு அதையே வைத்தார்கள். அமெரிக்கப் பொட்டலத்தில் இன்று லைம் இல்லை, அதன் இடத்தில் செர்ரி. சின்னச் சதுரத் துண்டு, மெழுகுத்தாள் உறை. வாயில் போட்டதுமே புளிப்பு ஏறும், எச்சில் ஊறும். அது சிட்ரிக் அமிலத்தின் வேலை. எலுமிச்சையிலும் நாரத்தையிலும் இருக்கும் அதே அமிலம்தான். இரண்டு மூன்று கடியில் துண்டு இளகிவிடும், கொஞ்ச நேரத்தில் கரைந்துபோகும். பிள்ளைகள் இளஞ்சிவப்பு நிறத்துக்குச் சண்டை போடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். 2017இல் இளஞ்சிவப்பை மட்டுமே நிரப்பிய பொட்டலத்தை மார்ஸ் வெளியிட்டது. எனக்கு மஞ்சள்தான் பிடிக்கும். நாலு சுவையில் புளிப்பு நேர்மையாக இருப்பது அதில்தான்.

ஹை-சூவின் கதை வேறு. மொரினாகா தைச்சிரோ என்பவர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவுக்கு வந்து மேல்நாட்டு மிட்டாய்த் தொழிலைக் கற்றுக்கொண்டு, ஊர் திரும்பி 1899இல் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். வாயில் போட்டதை வெளியே எடுப்பது ஜப்பானில் மரியாதைக் குறைவு. சூயிங் கம்மை மென்றுவிட்டுத் துப்ப வேண்டியிருக்கிறதே, அப்படியே விழுங்கிவிடக்கூடிய ஒன்றைச் செய்தால் என்ன என்ற எண்ணத்தில் 1931இல் சூலெட் என்ற மிட்டாய் வந்தது. அந்த வழியில் 1975இல் வந்ததுதான் ஹை-சூ. இந்தக் கதையை மனத்தில் வைத்துக்கொண்டு ஒன்றை மென்று பாருங்கள். ஸ்டார்பர்ஸ்ட் போல அது சட்டென்று இளகாது. இழுக்கும், திரும்ப ஒன்றுசேரும், பல்லுக்கு எதிர்த்து நிற்கும். கம்மின் குணம் அதில் இருக்கிறது. வெளியே வெள்ளையாக ஓர் உறை, உள்ளே நிறமுள்ள கரு என்று இரண்டு அடுக்கு. முதலில் இனிப்பு, மெல்ல மெல்லத்தான் பழச்சுவையும் புளிப்பும் வெளியே வரும். பச்சை ஆப்பிளிலும் திராட்சையிலும் இது நன்றாகத் தெரியும்.

அமெரிக்காவில் அது பரவிய விதமும் சுவையானது. 2012 வாக்கில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியில் பந்து வீசிய ஜப்பானியரான ஜூனிச்சி தசாவா, சக ஆட்டக்காரர்களுக்கு ஹை-சூவைக் கொண்டுவந்து கொடுத்தார். சூயிங் கம் மென்றுகொண்டிருந்தவர்கள் இதற்கு மாறினார்கள். மற்ற அணிகளும் கேட்க ஆரம்பித்தன. 2015இல் வட கரோலினாவின் மெபனில் மொரினாகா ஒரு தொழிற்சாலையே திறந்துவிட்டது. நம்மவர்கள் நிறைய வசிக்கும் கேரியிலிருந்து அது ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரம்தான். அதனால் ஜப்பான் சரக்கு என்ற பேச்சுக்கு இன்று அவ்வளவு பொருள் இல்லை.

எது நல்ல மிட்டாய் என்று என்னைக் கேட்டால், மெல்லும் சுகத்துக்கு ஹை-சூ, புளிப்புக்கு ஸ்டார்பர்ஸ்ட். ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் நான் ஹை-சூவை எடுப்பேன். அதைச் செய்தவர்கள் மெல்லுவதைப் பற்றி ஆழமாக யோசித்திருக்கிறார்கள். 50 கிராம் பொட்டலத்தில் பத்துத் துண்டு, ஒவ்வொன்றும் நின்று சுவை தரும். சாயத்தைப் பொறுத்தவரையிலும் பெற்றோர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்க ஸ்டார்பர்ஸ்டின் லேபிளில் ரெட் 40, யெல்லோ 5, யெல்லோ 6, புளூ 1 என்று பெட்ரோலியத்திலிருந்து செய்யும் சாயங்களைப் பார்க்கலாம். ஹை-சூவில் செயற்கைச் சாயம் சேர்ப்பதில்லை என்கிறது மொரினாகா. இவற்றில் சில சாயங்கள் உள்ள தின்பண்டங்களில், பிள்ளைகளின் கவனத்தையும் நடத்தையையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை ஐரோப்பிய ஒன்றியம் 2010இலிருந்து அச்சிடச் சொல்கிறது. கலிஃபோர்னியா அரசுப் பள்ளிகளில் 2027 முடிவிலிருந்து அந்த நான்கும் இன்னும் இரண்டும் தடை. 2026இல் செயற்கைச் சாயமில்லாத ஸ்டார்பர்ஸ்டையும் விற்பதாக மார்ஸ் அறிவித்திருக்கிறது. அந்த விவாதம் தன் போக்கில் ஒரு முடிவுக்கு வரும்.

என் கவலை சாயத்தில் இல்லை. சாயத்தைப் பற்றிய பேச்சு ஜெலட்டினை மறைத்துவிட்டது என்பதுதான். சாயம் இல்லை என்றால் சுத்தம், சுத்தம் என்றால் சைவம் என்று மனம் தானாகவே முடிச்சுப் போட்டுவிடுகிறது.

ஜெலட்டின் என்பது விலங்கின் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தைக் காய்ச்சி எடுப்பது. பெரும்பாலும் பன்றித் தோல், மாட்டுத் தோல், மாட்டு எலும்பு. வாசமோ சுவையோ கிடையாது. தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வலைபோல் பின்னிக்கொள்ளும். நம் உடம்புச் சூட்டிலேயே இளகும். வாயில் போட்டதும் கரைகிற அந்த உணர்வை வேறெதுவும் இவ்வளவு சுலபமாகத் தருவதில்லை என்பதால்தான் மிட்டாய்க்காரர்கள் அதை விடமாட்டேன் என்கிறார்கள். சர்க்கரையையும் குளுக்கோஸ் பாகையும் காய்ச்சி, பல்லில் ஒட்டாமல் இருக்கப் பாமாயில் வகைக் கொழுப்பு சேர்த்து, ஜெலட்டினைக் கலந்து, ஆறிய பிறகு இழுத்து இழுத்துக் காற்றை உள்ளே ஏற்றுகிறார்கள். ஹை-சூவின் அந்த இழுவையில் ஜெலட்டினுக்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்டார்பர்ஸ்டில் அளவு குறைவு. 2 சதவீதத்துக்குக் கீழே உள்ள பொருள்களின் வரிசையில்தான் அது வருகிறது. குறைவு என்றாலும் இருக்கிறது. சைவக் குடும்பத்துப் பிள்ளைக்கு இதில் சதவீதக் கணக்கு கிடையாது.

ஜெலட்டின் இல்லாமல் மெல்லும் மிட்டாயே செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நம் ஊர்த் திருவிழாக்களில் கம்பில் சுற்றிக் கொண்டுவந்து, கைக்கடிகாரமும் மயிலும் செய்து பிள்ளைகள் கையில் ஒட்டிவிடுவார்களே ஜவ்வு மிட்டாய், அதில் ஏது ஜெலட்டின்? சர்க்கரைப் பாகைப் பதம் பார்த்துக் காய்ச்சி இழுப்பதிலேயே அந்த ஜவ்வு வந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய சான்று ஸ்டார்பர்ஸ்டே. இங்கிலாந்தில் விற்கும் ஸ்டார்பர்ஸ்டில் ஜெலட்டின் கிடையாது. மாற்றிய மாவுச்சத்தையும், மாவுச்சத்திலிருந்தே எடுக்கும் டெக்ஸ்ட்ரினையும் வைத்தே செய்கிறார்கள். அதே நிறுவனம், அதே பெயர், சைவப் பிள்ளை லண்டனில் தயங்காமல் சாப்பிடலாம், நியூ ஜெர்சியில் முடியாது. லண்டன் உறவினர் வீட்டில் சாப்பிட்டுப் பழகிய பிள்ளையும் சரி, அதைப் பார்த்த பெற்றோரும் சரி, இங்கேயும் அப்படித்தான் என்று நினைப்பதில் வியப்பில்லை.

இந்தியாவாக இருந்தால் இந்த மடலுக்கே வேலை இல்லை. பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தால் முடிந்தது. ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. ஜெலட்டின் என்று போட்டால் போதும், எந்த விலங்கு என்று சொல்லத் தேவையில்லை. மீனிலிருந்து எடுத்திருந்தால் மட்டும் ஒவ்வாமைச் சட்டப்படி மீன் என்று போட வேண்டும். ஆகவே லேபிளை முழுதாகப் படித்தாலும் அது பன்றியா மாடா என்பது தெரியாமல் போகலாம். மாட்டிறைச்சி தொடாத வீட்டுக்கும், பன்றி விலக்கான வீட்டுக்கும் இந்த ஒற்றைச் சொல்லை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கோஷர் முத்திரை இருந்தால் சைவம் என்று நினைப்பவர்களும் உண்டு. அது யூதர்களின் உணவு விதிக்கான முத்திரை. மீன் ஜெலட்டினும், விதிப்படி அறுத்த மாட்டின் ஜெலட்டினும் அதற்குள் அடங்கும். ஹலால் முத்திரையும் அப்படியே. இஸ்லாமியக் குடும்பத்துக்கு அது போதும், சைவக் குடும்பத்துக்குப் போதாது.

இதில் உடல்நலக் கோணமும் ஒன்று இருக்கிறது. லோன் ஸ்டார் என்ற வகை உண்ணி கடித்த பிறகு சிலருக்கு ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி ஒத்துக்கொள்ளாமல் போகிறது. ஆல்ஃபா-கேல் ஒவ்வாமை என்று பெயர். சிலருக்கு ஜெலட்டினும் ஆகாது. அமெரிக்காவில் 2010இலிருந்து 4,50,000 பேர் வரை இதற்கு ஆளாகியிருக்கலாம் என்று நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2023இல் சொன்னது. வட கரோலினா, வர்ஜீனியா, மிசௌரி, ஆர்கன்சா பக்கம் பள்ளி நடத்துபவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

நான் கறி சாப்பிடுகிறவன். ஜெலட்டின் எனக்கும் என் வீட்டுக்கும் சிக்கல் இல்லை. அப்படியிருந்தும் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், தமிழ்ப் பள்ளி வகுப்பறையை ஒருமுறை பாருங்கள். ஒரே வரிசையில் சைவ வீட்டுப் பிள்ளை, நோன்பு இருக்கும் வீட்டுப் பிள்ளை, மாட்டிறைச்சி மட்டும் தொடாத வீட்டுப் பிள்ளை, எதுவும் சாப்பிடும் வீட்டுப் பிள்ளை, யாழ்ப்பாணத்திலிருந்து, காயல்பட்டினத்திலிருந்து, கும்பகோணத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். இவர்களை ஒன்றாகச் சேர்த்து உட்கார வைப்பது தமிழ் ஒன்றுதான். இதில் பாதிப் பிள்ளைகள் வாரத்தில் ஐந்து நாளும் ஆங்கிலப் பள்ளியில் வேண்டாம் என்று சொல்லியே பழகியவர்கள். பிறந்தநாள் கொண்டாட்டத்தில் கம்மி பேர் என்ற கரடி வடிவ மிட்டாய் வேண்டாம், முகாமில் மார்ஷ்மெல்லோ வேண்டாம், பீட்சாவில் பெப்பரோனி வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஏன் என்ற கேள்விக்கு விளக்கம் வேறு. தமிழ்ப் பள்ளியிலாவது அந்தப் பிள்ளை யோசிக்காமல் கையை நீட்டி வாங்கிக்கொள்ளட்டும். ஆசிரியர் கொடுக்கிறார் என்றால் நம்பிச் சாப்பிடலாம் என்று இருக்கட்டும். ஆறு வயதுப் பிள்ளையை லேபிள் படிக்கச் சொல்வது நியாயமில்லை. சைவம் சாப்பிடும் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாக வேறு மிட்டாய் எடுத்து வைப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. பிரித்து உட்கார வைத்ததுபோல் ஆகிவிடும். எல்லோரும் சாப்பிடக்கூடிய ஒன்றை எல்லோருக்கும் கொடுக்கலாமே.

அப்படிப்பட்டவை இங்கேயே கிடைக்கின்றன, விலையும் அதேதான். ஸ்கிட்டில்ஸில் முன்பு ஜெலட்டின் இருந்தது, பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். இதுவும் மார்ஸின் தயாரிப்புதான். புளிப்பும் மெல்லும் குணமும் சேர்ந்து வேண்டுமென்றால் ஏர்ஹெட்ஸ் பட்டையைப் பாருங்கள், மாவுச்சத்தில் செய்தது. இழுவையில் ஹை-சூவுக்கு ஈடாகாது, ஆனாலும் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள். சவர் பேட்ச் கிட்ஸும் டாட்ஸும்கூட மாவுச்சத்தில் செய்தவையே. இவற்றில் செயற்கைச் சாயம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாயமும் வேண்டாம், ஜெலட்டினும் வேண்டாம் என்று உங்கள் பெற்றோர் கேட்டால், வீகன், அதாவது விலங்குப் பொருள் எதுவும் சேராதது, என்று வெளிப்படையாக அச்சிட்ட பொட்டலங்களைத் தேடுங்கள். கொஞ்சம் காசு கூட ஆகும். எதை வாங்கினாலும் ஒவ்வொரு முறையும் பின்பக்கத்தைப் பாருங்கள். சேர்மானத்தை நிறுவனங்கள் சொல்லாமலே மாற்றும். ஒரே பெயரில் வரும் கம்மி வகையும் மெல்லும் வகையும் வேறு வேறு சேர்மானத்தில் இருக்கும்.

பின்பக்கத்தில் மூன்று சொற்களைத் தேடினால் போதும். ஜெலட்டின் முதலாவது. கார்மைன் அல்லது கோச்சினீல் இரண்டாவது, பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு. அதைப் பெயர் சொல்லியே அச்சிட வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011இலிருந்து கட்டாயமாக்கியிருக்கிறது, அதனால் மறைந்திருக்காது. மூன்றாவது கன்ஃபெக்‌ஷனர்ஸ் கிளேஸ், மிட்டாய்க்குப் பளபளப்புத் தரும், பூச்சி சுரக்கும் அரக்கு. கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம்.

நான் கேட்பது இவ்வளவுதான். பள்ளிக்கு மிட்டாய் வாங்கும் பொறுப்பில் இருப்பவரிடம் இந்த மூன்று சொற்களைக் கொடுத்துவிடுங்கள். கிண்ணத்துக்குப் பக்கத்தில் அந்தப் பொட்டலத்தின் பின்பக்கத்தை வெட்டி ஒட்டி வையுங்கள், பெற்றோர் யாராவது கேட்டால் காட்டலாம். மழலை வகுப்புக்கு மட்டும் மெல்லும் மிட்டாய் எதுவுமே வேண்டாம். சின்னக் குழந்தைகளின் தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடியவை இவை. அவர்களுக்கு ஒரு ஸ்டிக்கர் போதும், சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.

வீட்டில் ஹை-சூ வாங்கிச் சாப்பிடுபவர்கள் தாராளமாகச் சாப்பிடுங்கள், நானும் சாப்பிடுவேன். ஹாலோவீனுக்கு அக்டோபரில் மொத்தமாக வாங்கி, மீதியை அப்படியே தமிழ்ப் பள்ளிக்குக் கொண்டுவரும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இந்த ஆண்டு அந்தப் பைகளைக் கிண்ணத்தில் கொட்டுவதற்கு முன்னால் ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடுங்கள். மார்ஸ் நிறுவனத்துக்கு எழுத விரும்பும் பெற்றோர், இங்கிலாந்தில் செய்வதை இங்கேயும் செய்யுங்கள் என்று ஒரு வரி எழுதிப் போடலாம். உங்கள் பள்ளியில் எதை வாங்குவது என்ற குழப்பம் இருந்தால் லேபிளைப் படம் எடுத்து உங்கள் வட்டாரப் பெற்றோர் குழுவில் போடுங்கள். உணவுத் துறையில் வேலை செய்பவர் ஒருவராவது எல்லா ஊர்க் குழுவிலும் இருப்பார், படித்துச் சொல்வார்.

அன்புடன்,
உணவுத் தொழில்நுட்பம் படித்த ஒரு தமிழ்ப் பள்ளிப் பெற்றோர்